கையெழுத்துப் போட்டவரின் கணக்கு: ஒரு ரசிகர் மாநாட்டை நடத்தி முடித்த அனுபவம்

ஹோட்டலுக்குக் கட்ட வேண்டியிருந்த கடைசித் தவணையை அண்மையில்தான் அடைத்து முடித்தேன். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு (ஃபேன்டஸி) வாசகர்களுக்கான மூன்று நாள் மாநாடு ஒன்றை, சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லாமல், முழுக்கத் தன்னார்வலர்களை வைத்தே நடத்தினோம். வந்தவர்கள் நிறைவோடு திரும்பிப் போனார்கள். விருந்தினர்கள் இன்றும் நன்றி சொல்லி எழுதுகிறார்கள். அந்த மாநாட்டுக்காக என் சேமிப்பில் ஏறக்குறைய பாதி போனது, பல மாதத் தூக்கம் போனது, நெடுநாள் நட்புகள் சில பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. நிகழ்ச்சிகளை எப்படி அமைப்பது, எந்த எழுத்தாளரை அழைப்பது என்று யோசனை சொல்லப் பலர் வந்தார்கள். ஒப்பந்தம், பணம், பொறுப்பு ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்க ஒருவரும் வரவில்லை. நண்பர்கள் கூடி "நாமே ஒரு மாநாடு நடத்தினால் என்ன?" என்று எங்கேயோ பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யார் தலையில் தலைமைப் பொறுப்பு விழப்போகிறதோ, அவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இதில் எதற்காக இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாநாடுகள் தொடக்கத்திலிருந்தே ரசிகர்கள் தாங்களாகக் கூடி நடத்தியவை. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ரசிகர்கள்தான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஏறக்குறைய 200 பேர் வந்தார்கள். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நின்றுபோனாலும் அந்த உலக மாநாடு இன்றுவரை நடக்கிறது, இன்றுவரை தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். அங்கே யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, உறுப்பினராகச் சேர்கிறார்கள். அறிவியல் புனைகதை, மிகுபுனைவுப் படைப்புகளுக்காக 1953-இல் தொடங்கிய ஹியூகோ விருதுகளும் அந்த உறுப்பினர்களின் வாக்கில்தான் முடிவாகின்றன. ரசிகர்கள் தாங்களே வெளியிடும் காமிக்ஸ் புத்தகங்களை விற்கும் சந்தையாக ஜப்பானில் 1975-இல் தொடங்கிய காமிக் மார்க்கெட்டின் அடிப்படைக் கொள்கையும் இதுதான்: அங்கே வாடிக்கையாளர் என்று எவரும் கிடையாது, விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர் எல்லோரும் பங்கேற்பாளர்கள். இந்த எண்ணத்தில் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் ஹோட்டலுக்கோ, மைக் வாடகைக்குக் கொடுப்பவருக்கோ, காப்பீட்டு நிறுவனத்துக்கோ இந்தக் கொள்கை தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை, தாளின் அடியில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் வாடிக்கையாளர். எங்கள் மாநாட்டில் அந்தக் கையெழுத்து என்னுடையது.

எங்களுக்குப் பதிவு செய்த அமைப்பு எதுவும் இல்லை. வாசிப்பு வட்டமாகத் தொடங்கி, மெல்லப் பெருத்து, மாநாட்டுக் குழுவாக மாறியவர்கள் நாங்கள். ஹோட்டலில் பேச்சு முடிந்து ஒப்பந்தம் வந்தபோது, "யார் பெயரில்?" என்று கேட்டார்கள். குழுவில் நிலையான வருமானம் உள்ளவள் நான்தான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அமைப்பைப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம், இப்போதைக்கு நீங்கள் போட்டுவிடுங்கள்" என்றார் ஒரு நண்பர். அந்தப் "பிறகு" வரவே இல்லை. அமைப்பைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்த பின்தான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். பல இடங்களில் பதிவு செய்த அமைப்பு என்றால் கடன் அமைப்பின் பெயரிலேயே நிற்கும், தனி ஆளின் வீட்டுக் கதவைத் தட்டாது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஒரு வழக்கறிஞரையோ கணக்குத் தணிக்கையாளரையோ ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். பதிவுக்கு இரண்டு மாதம் ஆகும் என்றால் மாநாட்டை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள்.

இனி ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நான் இழந்த பணம் முழுவதும் போனது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாநாட்டுக் கூடங்களுக்கு வாடகை மிகக் குறைவு, ஏறக்குறைய இலவசம் என்று ஹோட்டல்காரர் சொன்னபோது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அதற்கு ஈடாக, வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்க இத்தனை அறைகள், இத்தனை இரவுகள் என்று நாங்கள் உறுதி கொடுக்க வேண்டும். அந்த அறைகளில் எண்பது விழுக்காடாவது நிரம்பாவிட்டால், நிரம்பாத அறைகளின் வாடகையை மாநாடு கட்ட வேண்டும். இதுபோக, உணவும் பானமும் குறைந்தது இந்தத் தொகைக்கு வாங்கியாக வேண்டும் என்று இன்னொரு ஷரத்து. இரண்டுமே ஹோட்டல் தொழிலில் நடைமுறையில் உள்ளவைதான், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எண்பது விழுக்காடு என்று எழுதியிருந்ததை நானும் படித்தேன். ஆனால் அதை மூன்று இரவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவதா, ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதா என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தனித்தனி என்றால், சனிக்கிழமை இரவு அறைகள் பிதுங்கி வழிந்தாலும் ஞாயிறு இரவு காலியாகக் கிடந்த அறைகளுக்கு அது ஈடாகாது. எங்களுக்கு நடந்தது அதுதான். ஞாயிறு மாலை நிறைவு விழா முடிந்ததும் மக்கள் பெட்டியோடு நேரே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போய்விட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

அறைகள் நிரம்பாததற்கு வேறு காரணங்களும் இருந்தன. ரசிகர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். நான்கு பேர் ஓர் அறையில் தங்குவார்கள், மாணவர்கள் இன்னும் கூடுதலாக. நாங்களோ தலைக்கு அரை அறை என்று கணக்குப் போட்டு உறுதி கொடுத்திருந்தோம். பயண இணையதளங்களில் அதே ஹோட்டலின் அறைகள் மாநாட்டுச் சலுகை விலையைவிட மலிவாகக் கிடைத்தபோது சிலர் அங்கே பதிவு செய்தார்கள். அவர்கள் மாநாட்டுக்குத்தான் வந்தார்கள், அந்த ஹோட்டலில்தான் தூங்கினார்கள், ஆனால் எங்கள் கணக்கில் வரவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. மாநாட்டின் உறுப்பினர் பட்டியலையும் ஹோட்டலில் தங்கியவர்களின் பட்டியலையும் ஹோட்டல் தரப்பில் ஒருவர் ஒப்பிட்டு, எந்த வழியில் பதிவு செய்திருந்தாலும் உறுப்பினர்கள் தங்கிய அறைகளை மாநாட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அதேபோல, மாநாட்டுக்கு ஆறு மாதம் முன்பும் மூன்று மாதம் முன்பும் அபராதம் இல்லாமல் குறிப்பிட்ட அளவு அறைகளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை, நாம் நிரப்பாத அறையை ஹோட்டல் வேறொருவருக்கு விற்றுவிட்டால் அதற்கு நம்மிடம் பணம் கேட்கக்கூடாது என்ற வரி, இயற்கைச் சீற்றமோ தொற்றுநோயோ வந்து ரத்தானால் என்ன ஆகும் என்ற வரி, இவை எல்லாம் பேசிப் பெறக்கூடியவை. கையெழுத்துப் போடும் முன் பேசினால் ஹோட்டல்காரர்கள் இறங்கி வருவார்கள். போட்ட பிறகு பேசினால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும்.

என் கதை தனிக் கதை இல்லை. 1983-இல் பால்டிமோரில் நடந்த உலக மாநாடே பெருங்கடனில் முடிந்தது. பிற்காலத்தில் உலக மாநாடுகளை நடத்தியவர்கள், தங்களுக்கு மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை அடுத்து நடத்துபவர்களுக்கு முதலாகக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். 2014 ஜூலையில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டாஷ்கான் என்ற ரசிகர் மாநாட்டின் முதல் நாள் மாலையே, ஹோட்டலுக்கு 17,000 டாலர் கட்ட வேண்டும் என்று சொல்லி, கூடியிருந்த இளைஞர்களிடமே அமைப்பாளர்கள் கையேந்தினார்கள். அதை இன்றும் கேலியாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மேடையில் நின்றவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பணம் எப்போது வரும், எப்போது போகும் என்ற கணக்கு கையில் இல்லாமல் போனால் யாரும் அந்த மேடையில் நிற்க வேண்டி வரும்.

அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். ரசிகர் மாநாட்டில் செலவு முன்னால் வரும், வரவு பின்னால் வரும். முன்பணம், விருந்தினரின் பயணச் சீட்டு, காப்பீடு, அச்சு எல்லாம் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். உறுப்பினர்களில் பாதிப் பேர் கடைசி மாதத்தில்தான் பணம் கட்டுகிறார்கள். "கட்டாயம் வருகிறேன்" என்று ஓராண்டாகச் சொன்னவர்கள்கூட முந்தின வாரம்வரை காத்திருப்பார்கள். கட்டணத்தைக் கட்டங்கட்டமாக உயர்த்தி, உயரும் தேதிகளை முதலிலேயே அறிவித்துவிட்டால் கொஞ்சம் முன்னதாகப் பணம் வரும். திட்டம் போடும்போது செலவை இரண்டாகப் பிரியுங்கள்: ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு ஒருபுறம், தலைக்கு இவ்வளவு என்று ஏறும் செலவு மறுபுறம். இத்தனை பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது என்ற எண் இதிலிருந்து கிடைக்கும். அந்த எண் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்களில் அது பொருளாளருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அதனால், "இன்னொரு விருந்தினரை அழைக்கலாமே", "நிகழ்ச்சி நிரலைப் பலவண்ணத்தில் அச்சடிக்கலாமே" என்று நல்ல மனதோடு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் வேண்டாம் என்று சொல்லும் கெட்ட பெயர் எங்களுக்கே வந்தது. எதிர்பார்க்கும் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே சமாளிக்கும்படி திட்டமிடுங்கள். அதற்குமேல் வந்தால் மகிழ்ச்சியாகச் செலவழிக்கலாம்.

பொருளாளர் மாநாட்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போது விலகினார். வீட்டில் பெரிய நெருக்கடி, புது வேலை வேறு. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கட்டணங்கள் வந்த கணக்கு அவருடைய சொந்தக் கணக்கு. உறுப்பினர் பட்டியல் இருந்த எக்செல் கோப்பும், மாநாட்டின் மின்னஞ்சல் கடவுச்சொல்லும், இணையதளப் பெயரும் அவரிடமே இருந்தன. தொலைபேசியை அவர் எடுக்காத நாட்களில் எனக்குக் கை நடுங்கும். எவ்வளவு பணம் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஹோட்டலின் இரண்டாவது முன்பணத்தை என் கையிலிருந்து கட்டினேன். பிறகு எல்லாவற்றையும் அவர் ஒழுங்காகவே ஒப்படைத்தார். கணக்கில் ஒரு காசு குறையவில்லை. இருந்தாலும் இடைப்பட்ட வாரங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு, நல்ல நண்பர்கள் பேசிக்கொள்ளும் பேச்சாக இல்லை. எந்தப் பொறுப்பிலும் இரண்டு பேர், எந்தக் கடவுச்சொல்லும் இரண்டு பேரிடம், எந்தப் பணத்துக்கும் இரண்டு கையெழுத்து என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். ஒருவரை நம்பவில்லை என்பதற்காகச் செய்வது இல்லை இது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாநாட்டுக்கும் காய்ச்சல் வந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்வது.

தன்னார்வலர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்வம் குறைந்தவர்கள் யாரும் எங்களிடம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் நிகழ்ச்சிக் குழுவில் இருக்க ஆசை, பெட்டி தூக்கும் குழுவில் இருக்க யாருக்கும் ஆசை இல்லை. "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பவரிடம் "சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை பதிவு மேசை, உங்களோடு இன்னொருவர் இருப்பார், 12 மணிக்கு உங்களை மாற்ற இவர் வருவார்" என்று சொன்னால் வருகிறார். "பார்த்துச் சொல்கிறேன்" என்று விட்டால் அவரும் மறந்துவிடுவார், நாமும் மறந்துவிடுவோம். ஒருவரின் வேலை நேரம் மூன்று, நான்கு மணி நேரத்துக்குமேல் போகக்கூடாது. அவர் ஆசைப்பட்ட அமர்வு எது என்று கேட்டு அந்த நேரத்தில் அவரை விட்டுவிட வேண்டும். அதற்காகத்தானே அவரும் வந்திருக்கிறார். தன்னார்வலர்கள் உட்கார, சாப்பிட, கால் நீட்ட ஓர் அறை கட்டாயம் வேண்டும். பணம் நெருக்கியபோது அந்த அறையின் உணவுச் செலவைத்தான் முதலில் வெட்டலாம் என்று குழுவில் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் நிம்மதி.

பதிவு மேசையில் முதல் நாள் காலை நடந்ததை நான் மறக்க மாட்டேன். கழுத்தில் மாட்டும் பெயர் அட்டைகளை முந்தின இரவு அகரவரிசையில் அடுக்கிவைத்திருந்தோம். காலையில் வரிசை கதவைத் தாண்டி வெளியே நிற்கிறது, மேசையில் இருந்த மாணவி ஒருத்தி கண் கலங்கி என்னிடம் ஓடி வருகிறாள். "அக்கா, பாதிப் பேருடைய அட்டையைக் காணவில்லை." காணாமல் போகவில்லை. ரசிகர் உலகில் பலரும் புனைபெயரில் புழங்குபவர்கள். அட்டையில் அச்சானது புனைபெயர், பட்டியலில் இருந்தது சொந்தப் பெயர். அட்டைகள் ஒரு வரிசையில், பட்டியல் வேறொரு வரிசையில். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் கொடுத்து, எண்ணின் வரிசையில் அட்டைகளை அடுக்கியிருந்தால் தேட வேண்டியதே இல்லை. அந்த மாணவியே அடுத்த அரை மணி நேரத்தில் அட்டைகளை மேசையில் கொட்டி, எண் எழுதிய துண்டுத்தாள்களை ஒட்டிச் சரிசெய்துவிட்டாள். அட்டையைப் பற்றி இன்னொன்று: பெயரை இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கயிறு எப்படியும் திரும்பிக்கொள்ளும். மாநாட்டின் சின்னத்தைச் சிறிதாக்கிப் பெயரைப் பெரிதாக்குங்கள், நான்கு அடி தள்ளி நிற்பவர் கண்ணைச் சுருக்காமல் படிக்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அதிகம் கூடும் இடம் இது. பெயர் கண்ணில் பட்டால் பேச்சு தொடங்கிவிடும்.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் எங்களுக்குத் துன்பம் குறைவு. ஒரு மணி நேரம் என்று போட்டாலும் அமர்வை ஐம்பதாவது நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், அறை மாறவும் கழிப்பறை போகவும் நேரம் வேண்டுமே. மேடையில் இருப்பவர் "எனக்குக் குரல் பெரியது, மைக் வேண்டாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்வரிசையில் காது மந்தமானவர் ஒருவர் இருப்பார், அவர் கை தூக்கிக் கேட்க மாட்டார். சக்கர நாற்காலிக்கான இடத்தை முன்னும் நடுவிலும் நாற்காலிகளை எடுத்துவிட்டு, தரையில் ஒட்டுநாடா ஒட்டி ஒதுக்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் யாராவது அங்கே நாற்காலி போட்டுவிடுவார்கள். அறையின் கொள்ளளவைக் கதவிலேயே எழுதி ஒட்டி, வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள். திரைப்படம் திரையிடுவதாக இருந்தால் பொதுத் திரையிடலுக்கான உரிமம் தனியாக வாங்க வேண்டும், கடையில் வாங்கிய வட்டு அதற்குப் போதாது. வேடமிட்டு வருபவர்களின் வாள், துப்பாக்கி போன்றவற்றை வாசலிலேயே பார்த்து, உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டிவிடும் வழக்கம் பல மாநாடுகளில் உண்டு. அந்த விதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் வாசலில் சண்டை வராது.

இரண்டாம் நாள் மாலைதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இளம் பெண் ஒருவர், தன்னிடம் ஒரு பேச்சாளர் தவறாக நடந்துகொண்டதாகச் சொல்லி வந்தார். அந்தப் பேச்சாளர் எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் வேண்டியவர், எனக்கும்தான். எங்களிடம் நடத்தை நெறி எழுத்தில் இருந்தது. மீறினால் யார் விசாரிப்பது, யார் முடிவெடுப்பது என்பது எழுத்தில் இல்லை. எல்லாம் என்னிடம் வந்து நின்றது. மூடிய அறையில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, அவர் சொன்னதை நேரம் குறித்து எழுதிக்கொண்டேன். அவர் விருப்பப்படி இன்னொரு பெண் தன்னார்வலரும் கூட இருந்தார். என்ன நடந்தால் அவருக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று கேட்டேன். பிறகு பேச்சாளரைத் தனியே அழைத்துப் பேசினேன். நடந்ததை அவர் மறுக்கவில்லை, அதில் தவறு என்ன என்றுதான் கேட்டார். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். அன்றிரவு குழுவில் பாதிப் பேர் என்னைக் கடிந்துகொண்டார்கள். எனக்கு அந்த முடிவில் இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சுமை தனி ஒருவர் தோளில் விழக்கூடாது.

யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற தகராறு இந்த மாநாடுகளோடு சேர்ந்தே பிறந்தது. 1939-இல் நியூயார்க்கிலேயே ஆறு ரசிகர்களை அமைப்பாளர்கள் வாசலில் தடுத்து நிறுத்தினார்கள், அந்தக் கசப்பு நெடுநாள் பேசப்பட்டது. 2012-இல் அமெரிக்காவின் ரீடர்கான் மாநாட்டில் துன்புறுத்தல் புகார் ஒன்று வந்தபோது, எழுதிவைத்த விதி வாழ்நாள் தடை என்றிருக்க, நிர்வாகிகள் இரண்டு ஆண்டுத் தடையோடு நிறுத்தினார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், நிர்வாகக் குழு முழுவதும் பதவி விலகியது, தடையும் வாழ்நாள் தடையானது. ஆகவே கடைப்பிடிக்க முடிந்த விதியை மட்டும் எழுதுங்கள், எழுதியதைக் கடைப்பிடியுங்கள். புகார்களைப் பார்க்க மூன்று பேரை மாநாட்டுக்கு முன்பே நியமியுங்கள். புகாருக்கு ஆளானவரின் நண்பராக இருந்தால் அந்த மூவரில் ஒருவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள். தலைமை ஒருங்கிணைப்பாளர் அந்த மூவரில் இருக்க வேண்டாம்.

தலைமை ஒருங்கிணைப்பாளருக்கு, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் என்ற பணி எதுவும் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் மூன்று நாளும் வாக்கி டாக்கியோடு ஓடிக்கொண்டே இருந்தேன். ஆள் வராத மேசையில் உட்கார்ந்தேன், நாற்காலி அடுக்கினேன். ஹோட்டல் மேலாளர் கணக்குப் பேசத் தேடியபோது நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை. மாநாடு நடத்துபவர்களிடையே பழைய விதி ஒன்று உண்டு: நாளுக்கு ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை உணவு, ஒரு குளியல். இதைவிடக் குறைந்தால் வேலைக்கு ஆக மாட்டோம் என்று அர்த்தம். இந்த மூன்றுமே எனக்குக் கிடைக்கவில்லை. மாநாடு முடிந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். கூட்டத்தில் தொற்றிக்கொள்ளும் இந்தக் காய்ச்சல் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். மறுநாளே அலுவலகம் போகலாம் என்று எண்ணாதீர்கள், விடுப்பை முன்பே எடுத்துவையுங்கள்.

ஹோட்டலின் இறுதி பில் படுக்கையில் இருக்கும்போது வந்தது. தொகையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு வரியாக ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்தாத நேரத்துக்கும் ஒலிபெருக்கி வாடகை போட்டிருந்தார்கள், ரத்து செய்த ஒரு வேளை தேநீரும் பில்லில் இருந்தது. நிகழ்ச்சி நிரலையும் ரத்து செய்த மின்னஞ்சலையும் அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் கழித்துக் கொடுத்தார்கள். மாநாடு நடக்கும்போதே ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய பில்லை வாங்கிப் பார்த்துவிடுவது இதைவிட நல்லது. அறைகளுக்கான தொகை மட்டும் குறையவில்லை, தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். குழுவைக் கூட்டினேன். சிலர் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள், மாணவர்களிடம் நான் வாங்கவில்லை. ஒருவர், நெடுநாள் நண்பர், "ஒப்பந்தத்தில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாநாடு நட்டமானால் யார் எவ்வளவு தாங்குவது என்பதை, மாநாடு என்ற பேச்சு எழும் முதல் நாளிலேயே தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். சங்கடமான பேச்சுதான். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நாளில் பேசினால் அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அடுத்த மாநாட்டை நடத்த இளைஞர்கள் சிலர் முன்வந்து என்னைப் பார்க்க வந்தார்கள். நான் தடுக்கவில்லை. எந்த இரவு எத்தனை அறை நிரம்பியது, எந்த மாதம் எவ்வளவு கட்டணம் வந்தது, எந்த அமர்வில் ஆள் நிற்க இடமில்லாமல் போனது, எது காலியாகக் கிடந்தது என்று எல்லாவற்றையும் எழுதிய கோப்பை அவர்களிடம் கொடுத்தேன். ஹோட்டலோடு பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. நமக்கு எத்தனை அறை தேவைப்படும் என்று ஊகமாக இல்லாமல் சான்றோடு சொல்லலாம். மாநாடு நடத்துபவர்கள் தங்களுக்குள் கூடிப் பேச ஸ்மாஃப்கான் என்றே ஒரு மாநாடு 1984 முதல் நடக்கிறது, அனுபவசாலிகள் கேட்டால் மனம் விட்டுச் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள் என்றேன். அவர்கள் அமைப்பைப் பதிவு செய்ய மனு கொடுத்துவிட்டார்கள். ஹோட்டல் பேச்சுவார்த்தைக்கு என்னைக் கூட வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். ஞாயிறு இரவுக்குப் பாதி அறைகள் போதும் என்று முதல் பேச்சிலேயே சொல்லப்போகிறோம்.